ஆங்கிலம்–செக் நோய்ச் சொல் பட்டியல்: எடுத்துக்கொள்ளலாம், இடப்பக்கத்தை மட்டும் அடித்துவிடுங்கள்

செக் மொழியில் நோய், வலி, மருந்து தொடர்பான சொற்களைத் தேடுகிறவர் கைக்கு முதலில் வருவது இருபக்கப் பட்டியல்தான். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் செக். ஐம்பதிலிருந்து நூறு சொல் இருக்கும், காசு கிடையாது, அச்செடுத்தால் ஒரு தாளில் அடங்கிவிடும். ப்ராகுக்கோ ப்ர்னோவுக்கோ படிக்கவும் வேலைக்கும் போகிற தமிழர்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால், இது போதும் என்று தோன்றும். போதாது. ஏன் போதாது, எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கிழித்துப்போடலாம் என்பதுதான் இந்த மதிப்பீடு.

இந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் கற்கும் செக் மாணவர்களுக்காகச் செய்தவை. கோளாறின் வேர் அங்கேதான். செக்காரருக்குத் தன் மொழிச் சொல் ஆண்பாலா பெண்பாலா, எந்த வேற்றுமையில் எப்படித் திரியும், எந்த வினையோடு சேரும் என்பதெல்லாம் தெரியும். ஆகவே வலப்பக்கத்தில் வெறும் சொல் இருந்தாலே அவருக்குப் போதும். நாம் அதே தாளைத் தலைகீழாகப் பிடிக்கிறோம். நமக்குத் தெரிய வேண்டிய விவரம் முழுக்க வலப்பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை.

இங்கே செக் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். அதில் உள்ள ஆபத்தைப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

முதலில் ஒரே ஒரு வரியை உற்றுப் பார்க்கலாம். எந்தப் பட்டியலிலும் இருக்கும் வரி: கோல்ட் (cold) என்பதற்கு எதிரே ‘நஹ்லஸெஞீ’. சரியான சொல்தான், சளிபிடித்த நிலையைக் குறிக்கும் பெயர்ச்சொல். ஆனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் ‘ஸெம் நஹ்லஸெனீ’. இது ஆண் சொல்வது. பெண் என்றால் ‘நஹ்லஸெனா’. குளிர்கிறது என்று சொல்ல நினைத்தால் அதே ஆங்கிலச் சொல் வேறெங்கோ கொண்டுபோய் விடும்: ‘யெ மி ஸிம’ என்பதே சரி. ஆங்கில வாக்கியத்தை அப்படியே மாற்றி ‘ஸெம் ஸ்துடெனீ’ என்றால், தொட்டால் சில்லென்றிருக்கிற ஆள், இல்லாவிட்டால் ஈரமில்லாத நெஞ்சுக்காரர் என்ற பொருள் வரும். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று செக் வாக்கியங்கள். பட்டியலில் இருப்பது அரை வாக்கியம்.

‘சிக்’ இன்னும் மோசம். உடம்பு சரியில்லை என்றால் ‘ஸெம் நெமொத்ஸ்னீ’, பெண் என்றால் ‘நெமொத்ஸ்னா’. குமட்டுகிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றால் ‘யெ மி ந ஸ்வ்ரத்ஸெஞீ’. என்னவோ போலிருக்கிறது என்றால் ‘யெ மி ஷ்பத்ஞெ’. இம்மூன்றையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறது. பட்டியல் முதல் ஒன்றை மட்டும் தரும்.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் எழுதிய பட்டியலில் ‘சர்ஜரி’க்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தரத்தை அளக்க இது நல்ல சோதனை. மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் அறை ‘ஒர்டினத்ஸெ’, அறுவை சிகிச்சை ‘ஒபெரத்ஸெ’, மருத்துவமனையின் அறுவைப் பிரிவு ‘ஹிருர்கியெ’. மூன்றும் தனித்தனியே இருந்தால் பட்டியலைச் செய்தவர் யோசித்திருக்கிறார். அடுத்த சோதனை ‘பிளாஸ்டர்’: விரலில் ஒட்டுவது ‘நாப்லஸ்த்’, எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டு ‘ஸாட்ர’. இந்த இரண்டிலும் தேறாத பட்டியலை மேலே படிக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்தைப் போலவே ஒலித்து வேறு பொருள் தரும் சொற்கள் ஒரு தனிக் கூட்டம். ‘அம்புலன்த்ஸெ’ என்பது செக்கில் பெரும்பாலும் வெளிநோயாளிப் பிரிவு. வண்டியின் பெயர் ‘ஸனித்க’, அந்தச் சேவையைப் பேச்சில் ‘ஸாஹ்ரன்க’ என்பார்கள். ‘ட்ரொகெரியெ’ என்ற பலகையைப் பார்த்து மருந்து வாங்க நுழைந்தால் சோப்பும் சலவைத் தூளும் ஷாம்பூவும்தான் இருக்கும், மருந்துக்கடை ‘லேகார்ன’. உணவில் சேர்க்கும் பதப்பொருள் ஒவ்வாது என்று சொல்ல நினைத்து, ஆங்கிலச் சொல்லைச் செக் போலத் திரித்து ‘ப்ரெஸெர்வதிஃப்’ என்றால், ஆணுறை ஒவ்வாது என்று அர்த்தம். பதப்பொருள் ‘கொன்ஸெர்வன்த்’. இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம்.

‘அங்கீன’ சிரிக்கிற விஷயமில்லை. ஆங்கிலத்தில் ‘ஆன்ஜைனா’ என்று ஒலிக்கும் அந்தச் சொல் இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சு வலியைக் குறிக்கும். செக்கில் அது தொண்டையில் டான்சில் சதை வீங்கிச் சீழ்பிடிக்கிற நோய். செக் குழந்தைகளுக்கு அடிக்கடி வரும், ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். இதயநோய்க்குச் செக்காரர்கள் லத்தீன் பெயரை முழுதாக, ‘அங்கின பெக்தொரிஸ்’ என்றே சொல்வார்கள். பழைய இதயநோய் உள்ளவர் ‘எனக்கு அங்கீன’ என்று பாதிப் பெயரைச் சொன்னால், எதிரில் இருப்பவர் தொண்டையைப் பார்க்க வாயைத் திறக்கச் சொல்வார். இந்தச் சொல்லுக்கு எதிரே எச்சரிக்கை போடாத பட்டியலுக்கு எங்களிடம் மதிப்பெண் கிடையாது. நெஞ்சை அழுத்துகிறது என்றால் நோயின் பெயரே வேண்டாம். ‘த்லச்சீ ம்ஞெ ந ஹ்ருட்யி’ என்று சொல்லுங்கள். மூச்சு முட்டினால் ‘நெமூஜு டீஹத்’. இந்த இரண்டையும் 155 என்ற எண்ணையும் தாளின் தலையில் எழுதிவையுங்கள். 155 செக் குடியரசின் மருத்துவ அவசர எண். செக் வரவே வராது என்றால் ஐரோப்பியப் பொது எண் 112.

சரி, ஆங்கிலத்தை அடித்துவிட்டு அங்கே எதை எழுதுவது? தமிழை. மொழிப்பற்றில் சொல்லவில்லை. உடம்பைப் பற்றிப் பேசும்போது செக்கும் தமிழும் ஒரே மாதிரி வாக்கியம் கட்டுகின்றன. ஆங்கிலம்தான் விலகிப் போகிறது. ‘தொச்சீ ஸெ மி ஹ்லவ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால்: சுற்றுகிறது, எனக்கு, தலை. ‘எனக்குத் தலை சுத்துது’ என்பதை வரிசை மாற்றிச் சொன்ன மாதிரி. ‘யெ மி ஸிம’வில் வரும் ‘மி’யும் ‘எனக்கு’தான்: எனக்குக் குளிருது. ‘தெச்செ மி க்ரெஃப் ஸ் நொசு’ என்றால் எனக்கு மூக்கிலிருந்து ரத்தம் வழிகிறது. நான்காம் வேற்றுமையில் நின்று வேதனையைச் சொல்வது தமிழனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஆங்கிலம் வழியாகப் போனால் ‘நான் இருக்கிறேன்’, ‘நான் வைத்திருக்கிறேன்’ என்று சுற்றிவளைத்து, பிறகு திரும்பி வர வேண்டும்.

உடலுறுப்புகளிலும் இந்த ஒற்றுமை உண்டு. ‘ருக’ என்றால் தோளிலிருந்து விரல் நுனிவரை கை. ‘நொஹ’ என்றால் இடுப்பிலிருந்து பாதம்வரை கால். ‘ப்ர்ஸ்த்’ கையிலும் காலிலும் விரல்தான். ஆங்கிலம் இவற்றை ஆறாகக் கூறுபோடுவதால் பட்டியல்கள் ஆறு வரிகளை வீணாக்குகின்றன. நோய்ப் பெயர்களில் ‘த்ஸுக்ரொஃப்க’வுக்குள் ‘த்ஸுக்ர்’, அதாவது சர்க்கரை இருக்கிறது: சர்க்கரை நோய். ‘ஜ்லொவ்தென்க’ மஞ்சள் நிறச் சொல்லிலிருந்து வந்தது: மஞ்சள் காமாலை. ‘ஃப்ஸ்தெக்லின’ வெறி, ஆத்திரம் என்ற பொருளுள்ள ‘ஃப்ஸ்தெக்’கிலிருந்து: வெறிநோய். தமிழ்ச் சொல்லை எதிரே எழுதினால் ஒரு முறை பார்த்தாலே மனத்தில் நிற்கும்.

தமிழ் கைவிடுகிற இடங்களும் உண்டு. வயிறு என்று நாம் பொதுவாகச் சொல்வதைச் செக் ‘ப்ர்ஷிஹொ’ (வயிற்றுப் பகுதி முழுதும்), ‘ஜலுடெக்’ (இரைப்பை) என்று பிரிக்கும். மருத்துவர் அதைக் கேட்கவும் செய்வார். ‘க்ர்க்’ கழுத்துக்கும் தொண்டைக்கும் பொது. ‘பொலீ ம்ஞெ க்ர்க்’ என்றால் கழுத்து வலி என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. தொண்டை வலிக்கு ‘பொலீ ம்ஞெ ஃப் க்ர்கு’, கழுத்துக்குள்ளே வலிக்கிறது. ஓர் ஒற்றும் ஒரு உகரமும்தான் வித்தியாசம்.

பெரிய பொறி வலி வினையிலேயே இருக்கிறது. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதால் ‘பொலீ மி ஹ்லவ’ என்று வந்துவிடும். தப்பு. ‘பொலீ ம்ஞெ ஹ்லவ’. ‘ம்ஞெ’ என்பது ‘என்னை’. தலை என்னை வலிக்கிறது என்று செக்காரர் சொல்கிறார். உறுப்பு தாக்குகிறது, ஆள் வாங்கிக்கொள்கிறார். இப்படித் தாக்கும் வினைகள் கொஞ்சம்தான்: வலிப்பது ‘பொலீ’, அரிப்பது ‘ஸ்வ்யெட்யீ’, எரிவது ‘பாலீ’, குத்துவது ‘பீஹா’, தொண்டை கரகரப்பது ‘ஷ்க்ராபெ’, அழுத்துவது ‘த்லச்சீ’. இந்த ஆறுக்கும் ‘ம்ஞெ’. குளிர், குமட்டல், தலைச்சுற்றல், ஒழுகுதல் எல்லாவற்றுக்கும் ‘மி’. ஆறை மனப்பாடம் செய்தால் மற்றது தானே விலகிக்கொள்ளும்.

‘மி’, ‘ம்ஞெ’ இரண்டும் இரண்டு வாக்கியச் சட்டகங்கள். மூன்றாவது சட்டகம் ‘மாம்’, என்னிடம் இருக்கிறது. காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு எல்லாம் இதில் வரும். நான்காவது ‘ஸெம்’, நான் இருக்கிறேன். சளிபிடித்தவன், ஒவ்வாமை உள்ளவள், கர்ப்பிணி என்று ஆளைப் பற்றிச் சொல்வது. நோயாளி பேச வேண்டியதில் பெரும்பகுதி இந்த நான்கு சட்டகங்களில் அடங்கும். எந்த நோய்ச் சொல் எந்தச் சட்டகத்தில் உட்காரும் என்று ஒரு பத்தி சேர்த்திருந்தால் இந்தப் பட்டியல்கள் பத்து மடங்கு பயன்பட்டிருக்கும்.

சட்டகத்தில் உட்காரும்போது சொல்லின் வால் மாறும். பட்டியலில் ‘ரீம’ (மூக்கொழுகல்) என்றிருக்கும். வாக்கியத்தில் ‘மாம் ரீமு’. ‘ஹொரெச்க’ காய்ச்சல், ‘மாம் ஹொரெச்கு’. அகரத்தில் முடியும் பெண்பாற் சொல் உகரமாகும் என்பது விதி. ‘கஷெல்’ (இருமல்), ‘ப்ரூயெம்’ (வயிற்றுப்போக்கு) போன்ற ஆண்பாற் சொற்கள் மாறாது. மருந்துக்கடைக்கு இந்த ஒரு விதியும் ஒரு வாக்கியமும் போதும்: ‘மாதெ ஞெத்ஸொ ந …?’, அதாவது ‘… க்கு ஏதாவது இருக்கிறதா?’. ந ரீமு, ந கஷெல், ந ப்ரூயெம், ந ஸாத்ஸ்பு. கடைசியில் உள்ளது மலச்சிக்கல்; சாலை நெரிசலுக்கும் செக்கில் அதே சொல்தான் என்பதால், போக்குவரத்துச் செய்தியில் கேட்டால் திடுக்கிட வேண்டாம். இருமலுக்குக் கேட்டால் கடைக்காரர் ‘ஸுஹீ, நெபொ வ்ல்ஹ்கீ?’ என்பார்: வறட்டு இருமலா, சளியோடா? பதிலைத் தெரிந்துகொண்டு கேள்வியைக் கேளுங்கள். அநேகப் பட்டியல்களில் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

வெப்பநிலைக்கும் காய்ச்சலுக்கும் இரண்டு சொற்கள் உண்டு. 37க்குச் சற்று மேலே இருப்பதை ‘தெப்லொத’ என்பார்கள். 38ஐத் தாண்டினால்தான் ‘ஹொரெச்க’. எண்ணை எழுதும்போது புள்ளிக்குப் பதில் காற்புள்ளி: 38,5. சொல்லும்போது ‘த்ர்ஷித்ஸெத் ஒஸும்’ என்று முப்பத்தெட்டாகவும் வரும், ‘ஒஸ்மத்ர்ஷித்ஸெத்’ என்று எட்டும் முப்பதும் சேர்ந்து தலைகீழாகவும் வரும். தொலைபேசியில் 38ஐ 83 என்று குறித்துக்கொள்ளாமல் இருக்க இரண்டையும் பழகுங்கள்.

மாத்திரை உறை மீது 1-0-1 என்றிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று; இதில் குழப்பமில்லை. ‘பொ யீட்லெ’ சாப்பிட்ட பிறகு, ‘ப்ர்ஷெட் யீட்லெம்’ சாப்பாட்டுக்கு முன், ‘ந லச்னொ’ வெறும் வயிற்றில். ரத்தப் பரிசோதனைக்கு அழைக்கும்போதும் இந்தக் கடைசிச் சொல்தான் வரும். இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது: ‘பொ’வுக்குப் பட்டியல் ‘பிறகு’ என்று மட்டும் பொருள் தரும். மருந்துச் சீட்டில் ‘பொ 8 ஹொடினாஹ்’ என்றிருந்தால் எட்டு மணி நேரம் கழித்து ஒருமுறை என்பதல்ல. எட்டு மணிக்கொரு தடவை, நாளுக்கு மூன்று வேளை. ஆன்டிபயாடிக்கில் இதைத் தவறாகப் படித்தால் ஒரு வேளையோடு நின்றுவிடும்.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிவைப்பதற்கு ஒரு எல்லை உண்டு. குறில் நெடில் வேறுபாடு செக்குக்கு உயிர். அதில் நாம் பிறவிப் பணக்காரர்கள். ‘பத’ குதிகால், ‘பாதா’ ஐந்தாவது. ஆங்கிலேயர் திணறும் இடத்தில் நமக்குச் சிரமமில்லை. அழுத்தம் எப்போதும் முதல் அசையில். ‘ஞ’ நம் ‘ஞ’வேதான். ஆனால் வல்லினத்தில் நம் எழுத்து காலை வாரும். ‘பொலீ’ என்று எழுதியதன் முதல் எழுத்தைக் குரல்வளை அதிர ஒலித்தால்தான் வலிக்கிறது. அதிராமல் ஒலித்தால் ‘வயல்களின்’ என்று பொருள். ‘ஹ’ ஒன்றே இரண்டு செக் ஒலிகளுக்கு நிற்கிறது: மென்மையாகச் சொன்னால் ‘ஹ்லத்’ பசி, தொண்டையைச் சுரண்டிச் சொன்னால் குளிர்ச்சி. ‘ர்ஷ்’ என்று நாம் எழுதுவது ரகரத்தை உருட்டும்போதே ஷகரத்தையும் சேர்த்து விடும் ஒரே ஒலி; ழகரத்தை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். ஆகவே தமிழ் எழுத்து நினைவுக்குத் துணை மட்டும். பக்கத்தில் செக் எழுத்து, மேற்குறிகளோடு இருந்தே ஆக வேண்டும். குறிகளை விட்டுவிட்டு அச்சடித்த பட்டியல் எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மற்ற வடிவங்களைப் பற்றிச் சுருக்கமாக. பயணச் சொற்றொடர்க் கையேடுகளில் வாக்கியம் முழுதாக இருக்கும், அது பெரிய நன்மை. மருத்துவத்துக்கு இரண்டு மூன்று பக்கம்தான் ஒதுக்குவார்கள், பெண்பால் வடிவம் சாய்கோட்டுக்குப் பின்னே ஒளிந்திருக்கும். மொழிபெயர்ப்புச் செயலிக்கு ஒற்றைச் சொல்லைக் கொடுக்கவே கூடாது. முழு வாக்கியம், கூடவே பேசுகிறவர் ஆணா பெண்ணா என்று தெரியும்படி ஏதாவது சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆண்பாலில் வந்து நிற்கும். வந்த செக் வாக்கியத்தைத் திரும்ப மொழிபெயர்த்துப் பார்ப்பது கட்டாயம். சொல்லின் வால் எப்படித் திரியும் என்று பார்க்கச் செக் அறிவியல் கழகத்தின் செக் மொழி நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் மொழிக் கையேட்டை மிஞ்ச ஒன்றுமில்லை. சொல்லைத் தட்டினால் ஏழு வேற்றுமைக்கும் அட்டவணை வரும். விளக்கம் செக்கில்தான் என்றாலும் அட்டவணையைப் படிக்க மொழி வேண்டாம்.

சொல் அட்டைகளாக மாற்றிக்கொள்வதென்றால் இப்படிச் செய்யுங்கள். முன்பக்கம் தமிழ் வாக்கியம், ‘மூணு நாளா இருமல்’ என்பது போலப் பேச்சில். பின்பக்கம் செக் வாக்கியம், அதில் ‘மி’, ‘ம்ஞெ’, ‘மாம்’, ‘ஸெம்’ நான்குக்கும் நான்கு நிறம். உங்கள் பாலுக்குரிய வடிவம் மட்டும். மொத்தம் நாற்பது அட்டை. அதற்கு மேல் போனால் அம்மை, தட்டம்மை, புட்டாளம்மை என்று பெயர்ச்சொற்களாக நிரம்பி, பேச வேண்டியது பின்னுக்குப் போய்விடும். அந்தப் பெயர்களைத் தாளிலேயே வைத்துக்கொண்டு காட்டினால் போதும். பட்டியலின் உண்மையான பயன் அதுதான்: விரல் வைத்துக் காட்ட.

இன்னொரு குறை, பட்டியல்களில் செக் நாடே இல்லை. அங்கே கோடையில் புல்லிலும் காட்டோரத்திலும் ஒட்டும் உண்ணி மூளை அழற்சியையும் லைம் நோயையும் பரப்பும். ‘க்லீஷ்த்யெ’ (உண்ணி) என்ற சொல் மருத்துவரின் வாயில் வந்துகொண்டே இருக்கும். ஆங்கிலப் பாடநூலை வைத்துச் செய்த பட்டியலில் அது கிடையாது. மருந்துச் சீட்டு ‘ரெத்ஸெப்த்’ (சமையல் குறிப்புக்கும் இதே சொல்). 2018 முதல் அது மின்னணு வடிவம், 12 எழுத்து-எண் கொண்ட குறியீடாகக் குறுஞ்செய்தியில் வரும். தாள் தரவில்லையே என்று மருத்துவரிடம் நிற்க வேண்டாம்.

வேலைக்குப் போகிறவருக்கு ‘சிக் லீவ்’ என்ற ஒரு வரி போதாது. ‘நெஸ்ஹொபென்க’ என்பது வேலை செய்ய முடியாத நிலையில் இருக்கிறார் என்று மருத்துவர் தரும் சான்று. 2020 தொடக்கத்திலிருந்து அதுவும் மின்னணு. ‘நெமொத்ஸென்ஸ்கா’ என்பது அந்தக் காலத்துக்குக் கிடைக்கும் பணம்: முதல் 14 நாளுக்கு முதலாளி ஈடு தருவார், 15ஆம் நாளிலிருந்து சமூகக் காப்பீடு. மருத்துவர் ‘விஹாஸ்கி’ வேண்டுமா என்று கேட்பார். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அதற்கு ‘உலா’ என்றிருக்கும், காற்றாட நடந்துவரச் சொல்கிறார் போல என்று தலையாட்டத் தோன்றும். அது சான்றில் பதியும் அனுமதி. காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில், நாளுக்கு அதிகபட்சம் 6 மணி நேரம், மருத்துவர் குறித்துக் கொடுக்கிற நேரத்தில் வீட்டைவிட்டு வெளியே போகலாம். அந்த நேரத்துக்கு வெளியே சோதனைக்கு ஆள் வந்து, வீட்டில் நீங்கள் இல்லையென்றால், கைக்கு வரும் பணம் குறையலாம்.